கால் எட்டாத வண்டி

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெயர் கிளமெண்ட், வயது நாற்பத்தொன்பது, நாகமலை புதுக்கோட்டையில் வீடு. மதுரைக்குள் ஒரு மிஷன் கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு. முப்பது பேர் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு என் மேஜையில் இருப்பதால், எனக்கு நானே பெரிய ஆளாகத் தெரிவேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை அதில் தப்பில்லை.

என் மனைவி விக்டோரியா ஐந்தடி எட்டங்குலம். கல்யாணப் போட்டோவில் என்னை ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தி, படி தெரியாமல் இருக்க முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பூந்தொட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அவளுடைய அப்பா சவரியப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கனத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும்போது விக்டோரியா அதை ஓட்டிக்கொண்டு போய் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவாளாம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வண்டியை எங்களுக்கே தருவதாகச் சொன்னார். "கல்யாணமான பொம்பள இத ஓட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது, வண்டியும் வரவில்லை. உண்மை என்னவென்றால், அவள் ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் நான் இருப்பதே ஊருக்குத் தெரியாது. இதுதான் என் கவலை. இதை இருபத்து மூன்று வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியை நான்தான் ஓட்டினேன், என் நூறு சிசி வண்டியை. ஒருநாள் கோரிப்பாளையம் சிக்னலில் நிறுத்திக் காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் பள்ளம். பள்ளத்துக்கு என் கால் போதவில்லை. இரண்டு பேரும் வண்டியோடு சாய்ந்தோம். விக்டோரியாவின் முழங்காலில் ஏழு தையல். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். பத்தொன்பது வருடம் ஆகிறது. என் பின்னால் ஏறியதே இல்லை.

அவள் புவியியல் ஆசிரியை. கரும்பலகையில் கையெடுக்காமல் இந்தியா முழுவதையும் வரைந்துவிடுவாள். மகள் ஜெனி கோயம்புத்தூரில் படிக்கப் போன பிறகு, ஒரு ஏப்ரல் மாதச் சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், தாளைப் பார்த்தே சொன்னாள்.

"எத்தன வருசமா இந்தக் கோதாவரிய வரஞ்சுக்கிட்டே இருக்கேன். ஒரு நாள் பாத்தது கிடையாது."

மனுசனாகப் பிறந்தவன் ரயிலில் டிக்கெட் போட்டிருப்பான். நான் அப்போது போனில், பெரிய பைக்கில் மலை ஏறுகிறவர்களின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பைக்ல போவோம். தூரப் பயணத்துக்குன்னே பெருசா வண்டி வருது. வாங்கிருவோம்" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"வாங்குங்க. ஆனா நிறுத்தையில ரெண்டு காலும் தரையில முழுசா படணும். நான் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் ஏறுவேன்."

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கட்டம் போட்டு, வண்டிகளின் எடை, டேங்க் கொள்ளளவு, சீட்டின் உயரம் எல்லாவற்றையும் எழுதினேன். சீட்டின் உயரத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். எல்லா வண்டிக்காரர்களும் எனக்கு எதிராகப் பேசி வைத்துக்கொண்டது மாதிரி, எண்ணூறு மில்லிமீட்டருக்குக் கீழே எதுவுமே வரவில்லை.

துணைக்கு முத்துப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். முதல் ஷோரூமில் நான் நோட்டை விரித்துச் சஸ்பென்ஷன் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். விற்பனையாளர் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏறி உக்காந்து பாருங்க சார்" என்றான். ஏறினேன். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

"மாப்ள, இறங்கு. தேர்ல ஏத்துன சப்பரம் மாதிரி இருக்க" என்றான் முத்துப்பாண்டி.

இரண்டாவது ஷோரூமில் பெருவிரல் நுனி பட்டது. மூன்றாவதில் சீட்டை இருபது மில்லிமீட்டர் இறக்கிக் கொடுத்தார்கள். நானூற்றைம்பது சிசி, பச்சை நிறம், கிட்டத்தட்ட இருநூறு கிலோ. முன்பாதம் பட்டது, குதிகால் படவில்லை. இறங்க மனமே வரவில்லை. அதில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தபோது, படியும் பூந்தொட்டியும் இல்லாமலே நான் உயரமாகத் தெரிந்தேன்.

"இதுக்குச் சின்னதா ஒண்ணு எடுத்தா என்ன குறஞ்சு போகும்? தங்கச்சி கோதாவரியத்தான பாக்கணும்னுச்சு, இமயமலையவா கேட்டுச்சு?" என்றான் முத்துப்பாண்டி.

நியாயமான கேள்வி. அதனால் பச்சை வண்டிக்கே முன்பணம் கட்டினேன். நேராகக் கோரிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த செருப்புத் தைக்கிறவரிடம் போய், கணுக்கால் மறைக்கும் ஷூ ஒன்றைக் கொடுத்து, அடியில் இரண்டு அங்குலத்துக்கு ரப்பர் சோல் வைத்துத் தைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "எம்புட்டு வச்சாலும் இறங்குனா தெரிஞ்சுரும்ணே" என்றார். சோல் வெளியே தெரியாமல் இருக்கத் தொளதொளவென்று இரண்டு பேண்ட்டும் தைத்துக்கொண்டேன்.

ஜூலையில் வண்டி வீட்டுக்கு வந்தது. ஷூவோடு ஏறி உட்கார்ந்தேன். விக்டோரியா வாசலில் குனிந்து, விடைத்தாள் பார்ப்பது மாதிரி இடது காலைப் பார்த்தாள், சுற்றி வந்து வலது காலைப் பார்த்தாள். இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன.

"சரி. வாரேன்" என்றாள்.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கேட்ட வார்த்தை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பேண்ட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி எடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்திருக்கும் கெபிக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார்கள். ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பிறகு வண்டிக்காரர் குடும்பத்தோடு ஏறிக் கெபியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எத்தனையோ வண்டிகளுக்குக் கைதட்டியிருக்கிறேன். சீட்டின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்த எனக்கு, கெபி மணலில் யாரும் செருப்போடு நிற்பதில்லை என்பது மட்டும் அன்று காலைவரை ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று விக்டோரியா வழக்கமான சேலையை விட்டுவிட்டுச் சுடிதாரில் வந்திருந்தாள். "ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரணும்ல, அதுக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

முத்துப்பாண்டியும் வந்திருந்தான். "உங்க சாமி தெளிச்சு முடிக்கட்டும், நான் என் பங்குக்கு வைக்கிறேன்" என்று சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு நின்றான்.

ஷூவைக் கழற்றினேன். தரைக்கு வந்தேன். பேண்ட் மணலில் புரண்டது. விக்டோரியா அதைப் பார்த்தாள், ஓரமாகக் கிடந்த ஷூவைப் பார்த்தாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். முத்துப்பாண்டி சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்தான்.

"ஏறுங்க கிளமெண்ட், ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றார் ஃபாதர்.

ஏறினேன். ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்தினேன். வலது கால் தரையைத் தேடியது. பட்ட விரல் நுனியும் மணலில் புதைந்தது. இருநூறு கிலோ வண்டி தடாலென்று விழவில்லை, எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்பது போல நிதானமாகச் சாய்ந்தது. நானும் கூடவே போனேன். பச்சை வண்டி மணலில் படுத்தது, அதன் பக்கத்தில் அதன் உரிமையாளர்.

நாலு பேர் சேர்ந்து முதலில் வண்டியைத் தூக்கினார்கள். பிறகு முத்துப்பாண்டி என்னைத் தூக்கினான். அடி எதுவும் இல்லை. விக்டோரியா அந்த ஷூவைக் கையில் எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துச் சோலை அளந்துகொண்டிருந்தாள்.

"இதப் போட்டுத்தான் எனக்குக் காமிச்சீங்களா?"

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஷூவை என் கையில் கொடுத்தாள், கைப்பையையும் கொடுத்தாள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தாள். வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை விலகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு வெறுங்காலும், குதிகால் வரைக்கும், மணலில் அழுந்தி நின்றன. ஸ்டார்ட் செய்தாள். கியரைப் போட்டாள். முத்துப்பாண்டியின் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முதல் வளைவில் கொஞ்சம் தடுமாறி, அடுத்த வளைவில் சரியாகி, கெபியைச் சுற்றி வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"வண்டியெல்லாம் சரியாத்தான் பாத்து எடுத்திருக்கீங்க" என்றாள். "ஏறுங்க."

கோவிலுக்கு வந்த சனமே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் ஷூவும் கைப்பையுமாக ஏறினேன். நான் பயந்தது போலவே அவள் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தால், அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகவில்லை.

பழைய லைசென்ஸைப் புதுப்பித்தாள். இரண்டு மாதம் பல்கலைக்கழகச் சாலையில் ஓட்டிப் பழகினாள். காலாண்டு விடுமுறையில் கிளம்பி, மூன்றாம் நாள் மத்தியானம் ராஜமுந்திரி போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் போடுவதும் வழி கேட்பதும் என் வேலை. தெலுங்கு தெரியாததால் இரண்டுமுறை தப்பான வழியில் கூட்டிக்கொண்டு போனேன்.

கரையில் வண்டியை நிறுத்தினாள். மழைக்காலத்துத் தண்ணீர் அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பரந்து கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒரு கோடுதான் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்" என்றாள்.

"என்ன மன்னிச்சிரு, விக்டோரியா."

"ஷூவுக்கா?"

"இல்ல. உங்க அப்பா வண்டிக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

"ஏறுங்க. கடல்ல சேர்ற எடத்தயும் பாத்துட்டு வந்துருவோம்."