சக்களத்திக்கு வைத்தியம்

என் கணவரின் மோட்டார் சைக்கிளை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அதிலும் மூத்தவள், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டவள். சிங்கப்பூரில் பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். அவர் முகம் சுளிக்காமல் போட்டார். சனிக்கிழமை முழுக்கத் துடைப்பார், ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பாலம் தாண்டி மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் போய்விடுவார். தேக்கா மார்க்கெட்டிலிருந்து வரும்போது கை வலிக்கிறதே என்று கீரைப் பையை அதன் ஹேண்டிலில் மாட்டப் போனால் போதும், எங்கே நின்றாலும் குரல் வந்துவிடும். "தொடாதடி!" வேறு எதற்கும் என்னை அதட்டாத மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காக நான் போட்ட சண்டைகள் எங்கள் ஃபேரர் பார்க் புளோக்கில் எல்லா மாடிக்கும் தெரியும்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவருடைய தொண்டையையும் நாக்கையும் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே அழைத்தாள். "பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரலாம், ஆன்ட்டி. ஆனா அவர் டிரை பண்ணவே மாட்டேங்கிறார்" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. அவர் சாப்பாட்டையும் நிறுத்தத் தொடங்கினார். கரண்டியைக் கொண்டுபோனால் இரண்டு வாய்க்கு மேல் உதட்டை இறுக்கிக்கொள்வார். விழுங்க முடியும், ஆனால் விழுங்கமாட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் சாக முடிவு செய்துவிட்டார் என்பதை டாக்டர் அவ்வளவு நாகரிகமாகச் சொன்னார்.

நான் எதைத்தான் செய்யவில்லை? பழைய பாட்டுப் போட்டேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைத் தினமும் வீடியோவில் பேச வைத்தேன். எலும்பு ரசம் வைத்தேன், மீன் குழம்பு வைத்தேன், வீரமாகாளியம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கீழே யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை முடுக்கினார்கள். அவர் தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியது. லேசாகத்தான். எனக்கு அது போதும். சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். மாதக்கணக்காகத் தொடாமல் கிடந்த வண்டி. உதைத்து உதைத்து என் கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

கூட்டாளிகளுக்குச் சொன்னதும் அந்த ஞாயிறே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். "ஒரு மணி நேர வேலை, அண்ணி" என்றார்கள். இவரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தேன். கோணிய வாயும் எச்சிலுமாகத் தன்னை அவர்கள் பார்த்ததும் இவர் முகத்தை நாற்காலியின் ஓரத்தில் புதைத்துக்கொண்டு அழுதார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களை அனுப்பிவிட்டேன். "யாரும் வராதீங்க. என்ன செய்யணும்னு ஃபோன்ல சொல்லுங்க, நானே செய்றேன்" என்றேன்.

பள்ளிக்கூடக் கேன்டீனில் தோசை ஊற்றுகிறவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே எந்திரம் கிரைண்டர். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்படித்தான்.

அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அங்கே எனக்கு இரண்டு குருமார்கள். ஒருவர் துவாஸில் கப்பல் பட்டறை சூப்பர்வைசர், இவரோடு தாய்லாந்து வரை ஓட்டியவர். இன்னொருத்தி உணவு டெலிவரி செய்கிற பெண், என் மகளைவிடச் சின்னவள், வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாளாம். அவர் ஒன்று சொன்னால் இவள் வேறொன்று சொல்வாள். "முதல்ல ஸ்பார்க் பிளக்கைப் பாருங்க, அண்ணி." "பிளக் அப்புறம், ஆன்ட்டி. பெட்ரோல் பழசாயிருக்கும், கார்புரேட்டர் அடைச்சிருக்கும் லா." நான் இரண்டையும் செய்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள்; நான் அதில் பாதியும் தேறமாட்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவரை லிஃப்டில் கீழே இறக்கி, வண்டி நிற்கிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் செய்தித்தாளை விரித்து உட்காருவேன். பழைய பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பித்தளையில் ஒரு குட்டிச் சமாசாரம், நடுவில் கண்ணுக்கே தெரியாத துளை. பெட்ரோல் அது வழியாகத்தான் போகுமாம். இடியாப்ப அச்சில் அடைத்த மாவைக் குத்தி எடுப்பதுபோல் மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன். திரும்ப மாட்டியபோது பெட்ரோல் கீழே ஒழுகியது. படம் எடுத்து அனுப்பினேன். உள்ளே இருக்கிற மிதவையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள். மறுபடியும் கழற்றினேன்.

பிளக் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே குரலில் எச்சரித்தார்கள். "அண்ணி, எஞ்சின் தலை அலுமினியம். பிளக்கைத் திரும்பப் போடும்போது பாட்டில் மூடி மாதிரி முதல்ல கையாலதான் திருகணும். லூசா உள்ள போகணும். அதுக்கப்புறம்தான் ஸ்பானர். சாஞ்சு போச்சுன்னா மரை எல்லாம் பிச்சுக்கும்." கையால்தான் திருகினேன். ஒவ்வொரு தடவையும் கையால்தான்.

இத்தனையும் அவர் காலடியில்தான் நடந்தது. நான் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டேதான் செய்வேன். அவரோ சாக்கடை மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய உயிரான வண்டியைப் போல்ட் போல்ட்டாகப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருக்கிறேன், அவருடைய ஸ்பானர்களைக் கண்டபடி போட்டு வைத்திருக்கிறேன், கிரீஸ் கையோடு சீட்டில்கூட உட்கார்ந்தேன். கீரைப் பைக்கே பதறியவர், அந்த ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. வேலை முடித்து மேலே போய்க் கஞ்சிக் கரண்டியை நீட்டினால் உதடு இறுகிக்கொள்ளும். ஒரு நாள் கிண்ணத்தைச் சிங்க்கில் போட்டு உடைத்தேன். "சாகணும்னா சொல்லிட்டுச் சாகுங்க" என்று கத்தினேன். சொல்ல முடிந்தால்தானே என்று பிறகுதான் உறைத்தது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

வண்டியில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த நாளன்று மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. எடை மிகவும் குறைந்துவிட்டது, நாளைக் காலையில் கூட்டி வாருங்கள், குழாய் போட்டுவிடலாம் என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அன்று சாயங்காலம் அவரை எப்படிக் கீழே கொண்டுவந்தேன் என்றே எனக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். எஞ்சின் சத்தம் கேட்டால் ஏதாவது நடக்கும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

உதைத்தேன். ஒன்றுமில்லை. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தேன். ஒருமுறை இருமினாற்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். குழுவில் கேட்டேன். "பிளக் நனைஞ்சிருக்கும் ஆன்ட்டி, கழட்டித் துடைச்சுப் போடுங்க." கழற்றினேன், துடைத்தேன், போட்டேன், உதைத்தேன். மறுபடியும் கழற்றினேன். புடவைத் தலைப்பு வியர்வையில் ஊறிவிட்டது. வேலை முடிந்து வருகிறவர்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் லிஃப்ட்டுக்குப் போனார்கள். "அண்ணி, ஸ்டார்ட் ஆச்சா?" என்று துவாஸ்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிளக்கைக் குழியில் வைத்தேன். விரலால் திருகினேன், பிடிக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன், பிடிக்கவில்லை. பொறுமை அத்தோடு போயிற்று. ஸ்பானரை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, என் உடம்பு பாரத்தை எல்லாம் அதில் போட்டுத் திருப்பினேன்.

கிரீச்சென்று ஒரு சத்தம். உலோகம் உலோகத்தைத் தின்கிற சத்தம். செய்த தப்பு என்னவென்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இனி எதற்கு நிறுத்துவது?

என் முதுகுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் அவருடைய இடது கை என் தோளைப் பிடித்து இழுத்தது. நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார், இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் விழுந்திருப்பார். முகம் சிவந்திருந்தது. கண் சாக்கடை மூடியில் இல்லை. நேராகப் பிளக்கின் மேல் இருந்தது. எப்போதிலிருந்து அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. வாய் கோணிக்கொண்டு திறந்தது, எச்சில் வழிந்தது, என்னவோ இழுத்தது, பிறகு வந்துவிட்டது.

"தொ... தொடா...தடி!"

மருந்துக்கும் மந்திரத்துக்கும் வராத பேச்சு. கடைசியில் அந்த "டி" வரை முழுதாக வந்தது. நான் ஸ்பானரைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டிப் பிளக்கைத் தொட முயன்றார். எட்டவில்லை. நாற்காலியை நகர்த்தினேன். சாய்ந்து நின்ற பிளக்கை ஒரு விரலால் தடவினார். மரை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கோபத்தில் மூச்சு வாங்கியது. அந்தக் கோபத்தை நான் எத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஃபோன் மறுபடியும் சிணுங்கியது. "அண்ணி? ஸ்டார்ட் ஆச்சா இல்லையா? எல்லாரும் வெயிட் பண்றோம்."

குரல் பதிவு பட்டனைக் கட்டை விரலால் அழுத்தி ஃபோனை அவர் வாய்ப் பக்கம் நீட்டினேன். இன்னொரு கையால், அவர் பார்க்கப் பார்க்க, மறுபடியும் ஸ்பானரை எடுத்துப் பிளக்குக்குக் கொண்டுபோனேன்.