ஷோபனாவின் ஒரே மாணவர்

பக்கவாதம் வந்து ராஜமாணிக்கத்துக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்தபோது அவரைக் கவனிக்க என்னை வைத்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் பயிர் செய்தவர். மருத்துவத்துக்கு வசதி என்று திருத்தணியில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். நான் நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள். குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, சோறு ஊட்டுவது என் வேலை. ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய இளைய மகள் ஷோபனாவைப் பற்றி.

ஷோபனா எம்.எட். படிக்கிறாள். ரயிலில் கல்லூரிக்குப் போய் மாலையில் திரும்புவாள். செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கிவிடும். அப்போது அவளுக்குக் கற்றல் கொள்கைகள் பாடம். மனிதர் ஒன்றை எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"நாய்க்கு மணியடிச்சு எச்சில் ஊற வெச்சாங்களாம் நர்சம்மா. மனுசனுக்கும் அப்படித்தானா?"

"உங்க நைனாவுக்கு குக்கர் விசில் கேட்டாலே ஊறுது."

சிரிப்பாள் என்று பார்த்தேன். உட்கார்ந்து யோசித்தாள்.

கற்பவர் ஒருவரைக் கூர்ந்து கவனித்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளை யாரையாவது பிடிப்பாள் என்று நினைத்தேன். அப்பாவையே, அவளுடைய நைனாவையே பிடித்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகள் சுதாவின் பையனுக்கு மலைமேல் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். பிறகு அடிவாரத்து மண்டபத்தில் விருந்து. முதல் பந்தியில் இரண்டு தாத்தாக்களும் சேர்ந்து உட்கார வேண்டும். ராஜமாணிக்கம் வரமாட்டேன் என்றுவிட்டார்.

"சம்பந்தி பக்கத்துல உக்காந்துகினு, யாராவது ஊட்டி விட நான் வாயத் தொறக்கணுமா? போட்டோ எடுத்துகினு வந்து காட்டுங்க, போதும்."

முதல் பேரன். சுதா போனில் அழுதாள். ஷோபனா அழவில்லை. "இடது கையால சாப்பிட வெச்சிடலாம்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வலக்கை விரல்கள் ஓரளவு பிடிக்கும், தோள் தூக்காது. இடக்கை நன்றாக இருந்தது. இருக்கிற கையைப் பழக்குவதுதான் முறை.

முதலில் பரிசுக் கொள்கை. இடக்கையால் ஒரு வாய் சோறு எடுத்தால் ஒரு கடலை உருண்டை.

"நான் இன்னா நீ வளக்கற டாமியா?" என்றவர், உருண்டையை மட்டும் எடுத்துத் தின்றார். இடக்கையால்தான்.

"பாத்தீங்களா நர்சம்மா! உருண்டைக்கு வர்ற கை சோத்துக்கு ஏன் வரல?" அவளுக்கு அது தோல்வியாகவே தெரியவில்லை.

அடுத்து, பார்த்துக் கற்பது. எதிரில் உட்கார்ந்து தானே இடக்கையால் சாப்பிட்டுக் காட்டினாள். சாம்பார் முழங்கை வரை வழிந்தது. அவர் கோணிய வாயோடு சிரித்தார். இடக்கையைச் சோற்றில் மட்டும் வைக்கவில்லை.

ஒரு மதியம் சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்தேன். இறங்கி வந்தால், கல்லூரியிலிருந்து சீக்கிரம் திரும்பிய ஷோபனா வெளியே ஜன்னலோரம் நின்று, பேசாதே என்று சைகை காட்டினாள். எட்டிப் பார்த்தேன். ராஜமாணிக்கம் இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். தலையைத் தாழ்த்தினார். வலக்கை விரல்களில் இருந்த கவளம் பாதி வாய்க்கும் பாதி லுங்கிக்கும் போயிற்று. மறுபடியும் தூக்கினார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" ஷோபனா கிசுகிசுத்தாள்.

"நான் இல்ல."

"நானும் இல்ல." நான் கதவுப் பக்கம் நகர, கையைப் பிடித்து நிறுத்தினாள். "போகாதீங்க. நாம பாத்தது தெரிஞ்சா விட்டுடுவாரு."

தெருவில் நின்றே பேசினோம். "சோறுன்னா வலது கைதான் அவருக்கு. நாம அவருக்கு ஆகாத இடது கைய வெச்சிகினு மல்லு கட்டிட்டோம். கத்துக்கறவருக்கு இன்னா வேணும்னு கேக்கற கொள்கை எதுன்னு தேடிப் பாக்கணும்" என்றாள். எதையோ கண்டுபிடித்தவள்போல் கண் மின்னியது.

மறுநாள் தன் படிப்பு மேஜையை இழுத்து வந்து நைனாவின் கட்டிலருகே போட்டாள். "உள்ள இடம் பத்தல, இங்க கெடக்கட்டும்" என்றாள். சோற்றுத் தட்டு ஸ்டூலிலிருந்து மேஜைக்கு ஏறியது. முழங்கை ஊன்றினால் தூக்க வேண்டிய உயரம் குறையும். இதற்குச் சாரம் என்று பெயராம். கட்டடம் எழும்பும்வரை கட்டி வைத்து, பிறகு பிரித்துவிடுவது. அவர் சாப்பிடும் நேரத்தில் எங்கள் இருவருக்கும் வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். சோற்றைக் கொஞ்சம் குழையவே வடித்தேன். ஷோபனா தரையில் உட்கார்ந்து படித்தாள்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, "என் புது வெள்ளச் சட்டை எங்க?" என்று கேட்டார்.

பந்தியில் சம்பந்தி கிருஷ்ணன் பக்கத்து நாற்காலியில். முழங்கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார் ராஜமாணிக்கம். முதல் வாய் சட்டையில் விழுந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஷோபனா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இன்னா சம்பந்தி, சட்டைக்கும் ஊட்றீங்களா?" என்றார் கிருஷ்ணன்.

"ஆங். புதுச் சட்டை. அதுக்கும் பசிக்குமில்ல?"

இரண்டாவது வாய் உள்ளே போனது. ரசம் வந்தபோது இலையை மறைத்து வேண்டாம் என்றார்.

வீடு திரும்பியதும் ஷோபனாவால் பொறுக்க முடியவில்லை. "அந்த மேஜைய எதுக்குப் போட்டேன் தெரியுமா நைனா?"

"போட்ட அன்னிக்கே தெரியும். கீழ குந்திகினு படிச்சு முதுக நீவிகினு இருந்தியே. கேட்டா எடுத்துகினு போயிடுவன்னு சும்மா இருந்தேன்."

அவள் நோட்டைக் கையில் எடுத்தாள். பிறகு மெதுவாக, "அதையும் கட்டுரைல எழுதட்டுமா?" என்றாள்.

"எழுது. ரசம் சாப்பிட இன்னும் வரலன்னும் எழுது."