கட்டளைக்கு எடுத்த எழுத்து

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பிறகு சென்னையிலிருந்து புது அச்செழுத்து வருவது நின்றுபோயிற்று. மட்டக்களப்பில் நான் வேலை செய்த அச்சுக்கூடத்தில் இரண்டே வகை எழுத்துத்தான். ஒன்று, கலியாணக் கடிதத்திலிருந்து கடை நோட்டீஸ் வரை எல்லாவற்றுக்கும் உழைத்துத் தேய்ந்த மெல்லிய எழுத்து. மற்றது, பாதிரிமார் ஒரு காலத்தில் விற்றுவிட்டுப் போன தடித்த பழைய எழுத்து. அது கொஞ்சம்தான் இருந்தது. மரண அறிவித்தல் அடிக்க மட்டும் அதை எடுப்போம்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நாடகம் போட்டார். வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் வந்த புதிதில் நடக்கும் கதை. வட்டை வயல்களில் விளையும் நெல்லுக்கு வரி கேட்டுத் துரை ஒரு கட்டளை ஒட்டுவான். கோமாளி அதைப் பிய்த்தெறிவான். அந்தக் கட்டளையையும் நாடகத்தின் நிகழ்ச்சி நிரலையும் நாங்கள் அடித்துக் கொடுக்க வேண்டும்.

மெல்லிய எழுத்தில் கோத்து ஒரு பிரதி காட்டினேன். மனிதர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நேத்து அடிச்ச கடை நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு தம்பி. பழைய காலத்துக் கட்டளையெண்டு சனம் நம்பாது. காகிதம் மட்டும் சரி."

காகிதம் சரியாகத்தான் இருக்கும். யுத்த காலத்துக் காகிதம் பிறக்கும்போதே கிழடு.

அவர் கண் தடித்த எழுத்துப் பெட்டியில் விழுந்தது. "இதுதான்! இதுல அடிங்க" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது.

பெட்டியில் எழுத்துப் போதவில்லை. மிச்சம், ஜன்னலோரத் தட்டில் நூலால் கட்டிக் கிடந்தது. அது மாரியில் காய்ச்சலில் போன என் மகளின் மரண அறிவித்தல். அடித்து முடித்ததும் கட்டை அவிழ்த்து எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். அதை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. அடித்த தாள்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று முப்பத்தோராம் நாள் சடங்கோடு சொந்தக்காரர் எரித்துவிட்டார்கள். படம் பிடித்து வைக்க எங்களுக்கு வசதி இருந்ததில்லை. அவள் பெயர் மிஞ்சியிருந்தது அந்த ஈய எழுத்தில்தான்.

முதலாளி அதுவரை பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்று, "மனே, இனி அத அவிழு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவிழ்த்தேன். அவள் பெயரிலிருந்த எழுத்துகளை எடுத்து வரி, நெல், தண்டனை என்று கோத்தேன். கை பழக்கத்தில் ஓடியது. அந்தக் கையை வெட்டிப்போட வேண்டும் போல இருந்தது.

இரவில் விளக்கு எரிக்கத் தடை என்பதால் நாடகத்தைப் பின்னேரமே வைத்தார்கள். மனைவியையும் அழைத்துப் போனேன். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மகள் போன பிறகு, மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு அச்சுக்கூடத்துக்கு வருவதைத் தவிர அவள் எங்கும் போனதில்லை.

துரை கட்டளையை ஒட்டினான். கடைசி வரிசை வாங்கிலிருந்து பார்த்தாலும் அசல் பழைய காலத்துத் தாள்தான். கோமாளி அதைச் சுக்குநூறாகக் கிழித்து, காலில் போட்டு மிதித்து ஆடினான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

முடிந்ததும் மனைவியைக் காணவில்லை. தேடினால், மேடையில் குந்தியிருந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். இடத்தைத் துப்புரவாக்குகிறாள் என்று நினைத்த வாத்தியார், "அதுக்கு ஆள் இருக்கு பிள்ள, விடுங்க" என்றார். அவள் விடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தில் வரும்போதுதான் வாய் திறந்தாள்.

"சோறு கொண்டு வரக்குள்ள ஒவ்வொரு நாளும் அவளுட பேரத் தொட்டுப் பாத்திட்டுத்தான் போவன். முந்தநாள் தட்டு வெறுமையாக் கிடந்திச்சி. இண்டைக்கு மேடையில அந்தத் தடிச்ச எழுத்தக் கண்டன்."

அவள் அதைத் தொடுவது எனக்குத் தெரியாது. "நாளைக்கே கட்டளையைப் பிரிச்சி, திரும்ப அப்பிடியே கோத்திருவன்" என்றேன்.

"வேணாம். அவள எத்தின தரம்தான் பிரிக்கிற?"

கட்டளையைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டேன். திரும்பக் கோக்கவில்லை. அந்தக் கிழமையே வேறொரு வீட்டிலிருந்து மரண அறிவித்தல் அடிக்க ஆள் வந்தது. பெட்டியில் எழுத்துத் தாராளமாக இருந்தது.