ஒருத்தியை ஆறு பேராக்கிய கட்டுரை

நெடுந்தீவில் ஒரு பெண் எனக்குச் சொன்னதை ஆறு பெண்கள் சொன்னதாக எழுதினேன். அது அச்சாகியது. அதற்காகப் பாராட்டும் பெற்றேன். மற்ற ஐந்து பேரும் உலகத்தில் இல்லாதவர்கள்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பண்புசார் ஆய்வுமுறைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தன. எண்களை வைத்து அல்ல, மனிதர்கள் சொல்வதையும் செய்வதையும் வைத்து நடத்தும் ஆய்வு இது என்று முதல் வகுப்பில் சொல்வேன். அதில் பல வகைகள் உண்டு என்றும், எந்தக் கேள்விக்கு எந்த வகை என்று தெரியாமல் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது என்றும் சொல்வேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி, பிள்ளைப்பேற்றுக்காகக் கடல் கடந்து யாழ்ப்பாணம் போவது ஒரு தாய்க்கு எப்படி இருக்கிறது என்பது. ஒரே அனுபவத்தைக் கடந்து வந்த பலரிடம் கேட்டு, அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதைக் கண்டெடுப்பதற்கு நிகழ்வியல் ஆய்வு என்று பெயர். குறைந்தது ஆறு தாய்மாரிடம் கேட்பேன் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன்.

முதல் வீட்டில் ஒரு பெண் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்ன விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் அக்காவிட்டைப் போங்கோ சேர். அவ வடிவாச் சொல்லுவா. எங்களுக்கும் அதுதானே” என்றார்.

இரண்டாம் வீட்டிலும் அதே பதில். மூன்றாம் வீட்டில் பதில்கூட இல்லை. கல்வேலிக்கு மேலால் ஒரு கை உயர்ந்து அக்காவின் வீட்டுப் பக்கம் காட்டியது. போர் முடிந்த பிறகு அந்தத் தீவுக்குப் படிவங்களோடு வந்துபோனவர்கள் பலர். வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கென்று அந்த ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் தங்களுக்குள் ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் மாதர் சங்கத்தின் செயலாளர், மூன்று பிள்ளைகளின் தாய். எந்தப் படிவத்துக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கதிரை போட்டுவிட்டு இரண்டு பின்னேரங்கள் பேசினார். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்தேன். முதல் பிள்ளைக்கு வலி தொடங்கிய பிறகுதான் படகு ஏறினார். இரண்டாவதற்குக் காற்றுக்காலம், படகு ஓடவில்லை, தீவிலேயே பெற்றார். மூன்றாவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே கொக்குவிலில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

“அந்த ரெண்டு கிழமையும் நான் இருந்த இடத்துக்குத் தேத்தண்ணி வந்தது சேர். என்ரை வாழ்க்கையிலை அதுதான் முதல்தரம்” என்றார்.

மூன்றாம் நாள் கடல் கொந்தளிக்கப் போகிறது என்றார்கள். வந்த படகில் ஏறிவிட்டேன். திரும்பிப் போக நினைத்தேன், போகவில்லை. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. எல்லோரும் அவரையே காட்டினார்கள், ஆகவே அவர் சொன்னது எல்லோரும் சொன்னதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பிள்ளையின் பயத்தைப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். காற்றுக்காலத்தை ஒரு மீனவரின் மனைவிக்குக் கொடுத்தேன். தமக்கை வீட்டையும் தேநீரையும் இரண்டு பேருக்குப் பிரித்தேன். மிச்சம் இருந்ததில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வயதும் பங்கேற்பாளர் இலக்கமும் போட்டேன்.

பொதுவானதைத் தேடும் ஆய்வில் ஆறு பேரும் ஒருவராக இருந்தால் எல்லாமே பொதுவாக அமையும். கட்டுரையைப் பரிசீலித்தவர், சான்றுகள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார்.

வெட்கம் என்னவென்றால், அதே ஒலிப்பதிவை வைத்து நேர்மையாக எழுத வழி இருந்தது. கதையுரை ஆய்வுக்கு ஒருவரே போதும். அதில் அவருடைய வாழ்க்கையின் வரிசையைக் குலைக்கக் கூடாது. முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்ததால்தான் மூன்றாம் முறை கிடைத்த தேநீர் அவருக்கு அவ்வளவு பெரிது. நான் அதை வெட்டி யாரோ ஒருத்தியின் கையில் கொடுத்தேன். விடய ஆய்வு என்றால் அந்தக் கடல் பயணத்தையே ஒரு விடயமாக எடுத்து, எல்லை போட்டு, படகோட்டியையும் மருத்துவமாதுவையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம். தரவுகளிலிருந்து கோட்பாட்டைக் கட்டுகிற முறையில் போயிருந்தால், அவருக்கு அடுத்ததாக அவருக்கு நேர்மாறான ஒருத்தியைத் தேடியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் தமக்கை இல்லாத ஒருத்தியை. புதிதாக ஒன்றும் கேட்கக் கிடைக்காத வரைக்கும் தேடல் நிற்காது. இனவரைவியல்காரனாக அங்கே மாதக்கணக்கில் இருந்திருந்தால், ஏன் எல்லோரும் என்னை ஒரே வீட்டுப் படலைக்கு அனுப்புகிறார்கள் என்ற கேள்வியே என் ஆய்வாகியிருக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். பாடமாகவே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் ஒராளை வைத்து எழுதினால் அது ஆய்வோ, கதைப்புத்தகமோ என்று எங்கள் பீடத்தின் தேநீர் அறையில் ஒருவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னை நோக்கித் திரும்பிவிடும் என்று பயந்தேன்.

ஓய்வுபெற்று நாரந்தனையில் வந்து இருந்த பிறகு, ஒருநாள் நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றேன். நெடுந்தீவுப் படகிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி வந்து அருகில் இருந்தார்கள். ஒருத்தி நிறைமாதம். மூத்த பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தங்கப் போகிறாராம். தாய்மார் இரண்டு கிழமைக்கு முன்னரே தீவை விட்டு வந்துவிட வேண்டும் என்று ஒரு நடைமுறை வந்திருந்தது.

“ஆறு பேர் சொன்னவையாம், முன்னமே போறதுதான் சுகமெண்டு. கந்தோர்க் கடிதத்திலை இருந்ததை மருத்துவமாது வாசிச்சுக் காட்டினவ” என்றார் கூட வந்தவர்.

“ஒராள் ஆரெண்டு தெரியும்தானே. கொக்குவிலிலை தமக்கை வைச்சிருக்கிறவவுக்குச் சுகம்தான். இப்ப ஒருத்தரும் அவவோடை கதைக்கிறேல்லை. மற்ற அஞ்சு பேரும் ஆரெண்டுதான் பிடிபடேல்லை. வாய் திறக்கிறாளவை இல்லை” என்றார் நிறைமாதப் பெண்.

அவர்கள் போன பின் நயினாதீவுப் படகு வந்தது. நான் ஏறவில்லை. அந்தப் பெண்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன். அதையும் இந்தக் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சஞ்சிகைக்கு எழுதினேன், கட்டுரையை நீக்கும்படி. அதை மேற்கோள் காட்டிய சுகாதார அலுவலகத்துக்கும் எழுதினேன். இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்கு, அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டார். கதிரை போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். கடிதங்களை இரண்டு தரம் வாசித்தார்.

“இதை எனக்கு ஏன் சேர் சொல்லுறியள்? நான் என்ன சொன்னனான் எண்டு எனக்குத் தெரியும். நாளைக்குத் தாய்மார் கிளினிக். அவையளுக்குச் சொல்லுங்கோ.”

அவருடைய கதையை முழுதாக, ஒருவருடைய கதையாகவே எழுதித் தரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒலிப்பதிவை மட்டும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் கிளினிக் வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சொன்னேன்.

“அப்ப மற்ற அஞ்சு பேரும்?” என்று கேட்டார் ஒருத்தி.

“ஆக்கள் இல்லை. நான் உண்டாக்கினது.”

“எங்களுக்கு ஒண்டைப் பெறவே உயிர் போகுது. சேர் இருந்த இடத்திலை அஞ்சு தாய்மாரைப் பெத்திருக்கிறார்” என்றார் முன்வாங்கில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். படிவங்கள் நிரப்பிக் கொடுக்க வந்து கடைசி வாங்கில் தனியாக இருந்த அக்கா சிரிக்கவில்லை. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். நடைமுறை மாறவில்லை. என் பழைய மாணவர்களில் சிலர் தொலைபேசி எடுப்பதை விட்டுவிட்டார்கள். சஞ்சிகை கட்டுரையை நீக்கி நான்கு வரியில் ஓர் அறிவித்தல் போட்டது. அதைக் காட்ட இன்னொரு கிளினிக் நாளில் போனேன்.

அக்கா இந்த முறை நடு வாங்கில் இருந்தார். அறிவித்தலை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். அந்த நேரம், என்னைப் பார்த்துப் பகிடி சொன்ன அதே பெண் ஒரு படிவத்தை அவரிடம் நீட்டினார். யாழ்ப்பாணத்துக்கு முன்கூட்டிப் போக ஏலாது என்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கும் படிவம் அது.

“அக்கா, எனக்கும் வழமைபோலை எல்லாருக்கும் எழுதிறதையே நிரப்பி விடுங்கோவன்.”

அவர் பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை.

“உனக்கு ஏன் ஏலாதெண்டு நீ சொல்லு. நீ சொல்லுறதைத்தான் எழுதுவன்” என்றார்.

அந்தப் பெண் சொல்லத் தொடங்கினார். எனக்குப் படகுக்கு நேரமாகிவிட்டது.