கோலா கெடாவில் விழித்த பெட்டி

அலோர் ஸ்டார் நகரம் பின்னால் போய்விட்டிருந்தது. கோலா கெடா சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள், இன்னும் விதைக்கவில்லை. வானம் தரையிலும் கிடந்தது. கொக்குகள் மேகத்தின்மேல் கால் ஊன்றி நின்றன. என் தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, எழுத்து தேய்ந்த பழைய லேப்டாப், ஒரு கேபிள், ஒரு சின்னத் திருப்புளி.

சுங்கை பட்டாணியில் டிவி பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடையில் இருந்தேன். மேல்மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுக்கை. முதலாளி கடையைச் சுருக்கினார், படுக்கும் இடம் போயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. எனக்கும் எந்த ஊரிலும் ரொம்ப நாள் கால் நிற்பதில்லை. கோலா கெத்திலில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன். லங்காவித் தீவுக்குப் போனால் ஏதாவது ஹோட்டலில் பாத்திரம் கழுவலாம் என்று கிளம்பியிருந்தேன்.

துறைமுகம் சேர்ந்தபோது கடைசி பெர்ரி போய்விட்டது. அடுத்தது காலையில்தான். பக்கத்தில், ஆற்றுக்குள் மரக்கால்கள்மேல் நின்ற ஒரு தேநீர்க் கடை. முக்காடு போட்ட ஓர் அக்கா அடுப்பருகே நின்றார்.

"பிளக் ஒண்ணு கிடைக்குமா அக்கா?"

"தே குடிச்சா கிடைக்கும்."

குடித்தேன். லேப்டாப்பைச் செருகியதும் அவர் எட்டிப் பார்த்தார்.

"ரிப்பேர் எல்லாம் தெரியுமா தம்பி, இல்ல சும்மா படம் பார்க்கவா?"

"டிவி பெட்டி ரிப்பேர் பண்ணியிருக்கேன்."

அவர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏங்க, உங்க மையித்தைத் தூக்கிட்டு வாங்க, அந்தச் செத்த பெட்டியை!"

அவர் கணவர் துண்டில் சுற்றிய ஒன்றைக் கைக்குழந்தைபோல ஏந்தி வந்தார். படகில் வழி காட்டும் ஜிபிஎஸ் பெட்டி. பெயரில்லாத மலிவுச் சாமான். பாய் அதைத் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

கதையை அக்காதான் சொன்னார். மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டி, அடியில் கல் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். நிழல் தேடி மீன் கூடும். உஞ்சாம் என்பார்கள். மேலே மிதவை கட்டினால் அடுத்தவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பாய் எதையும் கட்டவில்லை. இறக்கிய இடங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் மட்டும். வேறெங்கும் எழுதவில்லை. கடையில் கொடுத்தால் நகல் எடுப்பான் என்ற பயத்தில், புதிய மென்பொருளையும் தானே ஏற்றப்போனார். பாதியில் படகின் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். மின்சாரம் தாழ்ந்தது, பெட்டி செத்தது.

"உஞ்சாம் போனா போட்டை வித்துட்டு என் அண்ணன் கடையில ரொட்டி தட்ட வேண்டியதுதான். போய்த் தட்டுங்களேன், வீட்டுக்கு நேரத்துக்கு வருவீங்க" என்றார் அக்கா.

பாய் சிரிக்கவில்லை. "அவன்கிட்ட கைகட்டி நிக்க முடியாது லா" என்றார். பிறகு என்னிடம்: "தம்பி எந்த ஊரு?"

"கோலா கெத்தில், பாய்."

"அங்க கடல் இருக்கா?"

"செம்பனைதான் இருக்கு."

"நல்லது" என்று பெட்டியை மேசைமேல் வைத்தார்.

திறந்து பார்த்தேன். டிவி பெட்டிகளில் பார்த்த அதே சிப். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதைப் பற்றியதுதான்.

மின்சாரம் வந்ததும் அந்தச் சிப்புக்கு வெளியே இருக்கும் பெரிய நினைவகம் இருப்பதே தெரியாது. உள்ளேயே செதுக்கிவைத்த சில கட்டளைகள் உண்டு. உள்ளேயே கையகல இடம்போலக் கொஞ்சம் நினைவகமும் உண்டு. அந்தச் சின்ன இடத்தில் நின்றுகொண்டுதான் அது வெளியே கை நீட்டி, சேமிப்பிலிருந்து அடுத்த கட்டளைகளை எடுக்கும். பெரிய நினைவகத்தை எழுப்பும். பிறகுதான் திரை, வரைபடம் எல்லாம். முன்பின் தெரியாத இடத்தில் நான் கண் விழிக்கும்போதும் அப்படித்தான். முதலில் பெயரும் தாகமும் மட்டும் இருக்கும். கூரை, ஊர், எதற்கு வந்தோம் என்பது ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்த நொடி எனக்குப் பிடிக்கும்.

பாயின் பெட்டி எழும்போதெல்லாம் சேமிப்பில் பாதி அழிந்த கட்டளையை எடுத்து அங்கேயே தடுக்கி விழுந்தது. சேமிப்பை அதன் கண்ணிலிருந்து கொஞ்ச நேரம் மறைக்க வேண்டும். அப்போது, வெளியே ஒன்றுமே இல்லை என்று நம்பி, உள்ளே இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு கேபிள் வழியாக யாராவது பேசுவார்களா என்று காத்திருக்கும்.

"ஊசி வேணும் அக்கா."

முக்காட்டிலிருந்து ஒன்றை உருவித் தந்தார். பெட்டியைக் கேபிளால் லேப்டாப்போடு சேர்த்து, ஊசி முனையால் பலகையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துப் பிடித்தேன். முனை வழுக்கினால் வேறெதையாவது தொடும். தொட்டால் உஞ்சாம்களும் போகும். ஆற்றில் ஒரு படகு போனது. அதன் அலை கடையின் கால்களைத் தட்டித் தட்டி அடங்கியது. வெயில் மஞ்சளாகி மேசைமேல் சாய்ந்திருந்தது.

லேப்டாப் மெல்ல ஒலித்தது. சிப் விழித்துவிட்டது.

ஊசியை எடுத்தேன். சின்ன நிரல் ஒன்றை அதன் உள் நினைவகத்துக்கு அனுப்பினேன். அது பெரிய நினைவகத்தை எழுப்பியது. இப்போது சேமிப்பும் தெரிந்தது. தொடக்கக் கட்டளைகளுக்கு மாற்றுப் பிரதி ஒன்று அதிலேயே இருந்தது. அதைப் பழுதான இடத்தின்மேல் எழுதினேன். வேறெதையும் தொடவில்லை.

கேபிளைப் பிடுங்கி மறுபடி மின்சாரம் கொடுத்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. பாயின் உதடுகள் அசைந்தன. பிறகு நீலம் வந்தது, கரைக்கோடு வந்தது, நீலத்தின்மேல் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகளாக அவர் உஞ்சாம்கள் வந்தன.

பாய் உள்ளங்கையால் திரையை மூடினார்.

"எத்தனை பார்த்தே?"

"ஒண்ணும் புரியல பாய். வெறும் நீலம்தான்."

"லங்காவிக்கா போறே? அங்க முழுக்க போட்காரனுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "செத்ததை எழுப்பிக் குடுத்த புள்ளைக்கு இதுதான் மரியாதையா? அவ்வளவு பயம்னா கூடவே கூட்டிட்டுப் போங்க. கண்ணு முன்னால இருந்தா யாருகிட்ட சொல்லப்போறான்?"

"நான் கடலுக்குப் போனதே இல்லையே அக்கா."

"அதுக்கென்ன? வாந்தி எடுக்கிறவன் வாய் பேசாது."

பாய் யோசித்தார். சம்பளமும் சாப்பாடும் படுக்க இடமும் சொன்னார். லங்காவி எங்கும் போய்விடாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை படகில் ஐஸ் ஏற்றினேன். கயிறு இழுப்பது, ஐஸ் உடைப்பது, மீனைப் பிரிப்பது என் வேலை. என் இடம் படகின் முன்பக்கம், திரைக்கு முதுகு காட்டி. ஆற்றின் வாய் தாண்டியதும் கரை நீலமாகி மெலிந்தது. ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன். பின்னால் பெட்டி ஒரு சத்தம் எழுப்பியது. உஞ்சாம் நெருங்கியிருக்க வேண்டும்.

"திரும்பாதே லா" என்றார் பாய்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.