மூக்கின்மேல் சந்தனம்

எங்கள் வீட்டுப் பலகைத் தரையில் யாராவது அழுத்தி நடந்தால் இசைத்தட்டில் பாடிக்கொண்டிருக்கும் பாடகருக்கு விக்கல் எடுக்கும். "டக்" என்று ஓர் ஓசை. பிரிவில் உருகிக்கொண்டிருந்தவர் ஒரே தாவலில் அடுத்த சரணத்துக்குப் போய்க் காதலியோடு கைகோத்து நிற்பார். எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கட்டைக் கால்களின்மேல் நின்ற அந்தக் "கிராணி" வீட்டில் நான் கேட்ட காதல்கள் எல்லாமே இப்படிச் சுருக்கமாக முடிந்தவை. என் சொந்தக் காதல்களும் பின்னாளில் அதே வேகத்தில் முடிந்ததற்குத் தரையைக் குறை சொல்ல முடியாது.

கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், என் அப்பா. அவருக்குச் சாமி நம்பிக்கை குறைவு. இசைத்தட்டு நம்பிக்கை அதிகம். பாட்டுப்பெட்டியில், தட்டின்மேல் நீளும் கையின் நுனியில் ஒரு சின்னக் கூடு தொங்கும். அதன் அடியில் வைரத் துணுக்கு பதித்த ஊசி இருக்கும். கடைக்காரர்கள் அதை காட்ரிஜ் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "மூக்கு". பழைய மூக்கு தேய்ந்து, பாடகிகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்தபோது, புதியது வாங்க அப்பா சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை முறை போகமாட்டார்கள். சொந்தத் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், சீனத் "தவுக்கே", அதாவது முதலாளி, ஒருவரின் கடையில் இருந்த இரண்டு மூக்குகளில் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்று முழங்கியது. தவுக்கே அதைத்தான் வாய் ஓயாமல் புகழ்ந்தார். மற்றது மெல்லத்தான் பாடியது. ஆனால் சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சை இழுப்பது அதில் கேட்டது. அப்பா அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"அது பாட்ட அமுக்குது. இது தொடுது," என்றார்.

வீட்டில் அம்மா புது மூக்கு வந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "என் மூக்குக்கு இல்லாத வைரம் இந்த மூக்குக்கா?" என்று கேட்டதோடு சரி.

அதைப் பொருத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு மெதுவாகிவிடுகிறது. தலைமயிர் போன்ற நான்கு நிறக் கம்பிகளை அம்மாவின் புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாகச் சொருகினார். கோடு போட்ட அட்டையைத் தட்டு இருக்கும் இடத்தில் வைத்து, மூக்கு கோட்டுக்கு நேராக நிற்கும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். முகம் பார்க்கும் கண்ணாடியை ஊசிக்கு அடியில் வைத்து, ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். வீட்டில் ஒருவரும் நடக்கக் கூடாது. நான் தும்மலை விழுங்கினேன். பிறகு பின்பக்கத்து எடையைத் திருகத் திருக, அந்தக் கை எதன்மேலும் படாமல் காற்றில் அப்படியே மிதந்தது. பள்ளிக்கூடம் எனக்குப் புவியீர்ப்பைப் புரியவைக்கவே இல்லை. அப்பா அரை நிமிடத்தில் அதை இல்லாமல் ஆக்கிக் காட்டினார். அதன் பிறகு, மூக்கோடு வந்த குறிப்புத் தாள் அனுமதித்த எடையிலேயே மிகக் குறைவானதை வைத்தார். எடை குறைந்தால் தட்டு தேயாது, ஆனால் ஊசி எளிதில் துள்ளிவிடும்.

வம்பு அங்கேதான் பிறந்தது. லாரி ஓட்டும் என் மாமா, அம்மாவின் அண்ணன், தன் வீட்டுப் பாட்டுப்பெட்டியின் மூக்கின்மேல் ஐந்து காசு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். அவர் வீட்டுப் பாட்டு நிலநடுக்கத்துக்கும் அசையாது. தட்டுகள்தான் ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். "மச்சான் பாட்டு கேக்கல, தட்ட உழுறாரு" என்பது அப்பாவின் நிரந்தரக் கிண்டல். புது மூக்கு வந்த பிறகும் எங்கள் வீட்டில் விக்கல் நிற்காததை மாமா மோப்பம் பிடித்துவிட்டார்.

"மாப்ள, அஞ்சு காசு இல்லன்னா சொல்லுங்கலா, நான் தாரேன்!"

"சரஸ்வதி பூசைக்கு வாங்க மச்சான். முழுப் பாட்டும் போடுறேன். ஒரு தடவ துள்ளினாலும் என் கையாலயே காசு வைக்கிறேன்."

பூசைக்கு முந்திய நாள்வரை அது துள்ளியது. எடையை இன்னும் கொஞ்சம் திருகத் தாளே இடம் கொடுத்தது. ஆனால் திருகினால் மாமா சொன்னது சரி என்றாகிவிடுமே. அப்பா திருகவில்லை.

பூசையன்று அம்மா புத்தகம், தையல் மெஷின், தட்டச்சு இயந்திரம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மாமா வந்து உட்கார்ந்த பிறகு அப்பா பாட்டுப்பெட்டியின் மூடியைத் திறந்தார். புது மூக்கின் மண்டையில் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அப்பாவின் முகம் மாறி, துடைக்கக் கை நீண்டது.

"சாமிக்கு வச்சதுல கை வைக்காதீங்க," என்றார் அம்மா, வடையைப் பரிமாறிக்கொண்டே.

மச்சான் முன்னால் சண்டையா? அப்பா அப்படியே ஊசியை இறக்கினார். பாட்டு தொடங்கியது. மாமா எழுந்தார், தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல, லாரி ஏறுகிற நடையில் அறையைக் குறுக்கே கடந்தார். ஜன்னல் அதிர்ந்தது. பாடகி மூச்சை இழுத்துச் சரணத்தைப் பாடி, பல்லவிக்குத் திரும்பி, நிதானமாக முடித்தார். ஒரு துள்ளல் இல்லை.

மாமா குனிந்து மூக்கை உற்றுப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட, நான் வச்சா காசு, நீங்க வச்சா சந்தனமா? வெயிட்டு வெயிட்டுதானே மாப்ள! தொடச்சிட்டுப் போடுங்க பாப்போம்!"

அதுவரை பூசை அறையை எட்டியும் பார்க்காத என் அப்பா, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார்: "சாமிக்கு வச்சது மச்சான். எடுக்கக் கூடாது."

அதன் பிறகு அந்தச் சந்தனம் வருடம் முழுவதும் அங்கேயே இருந்தது. அடுத்தடுத்த பூசைகளில் அம்மா பழையதைத் துடைத்துப் புதிது வைக்கும்போது, நாத்திகர் பக்கத்திலேயே நின்று, "போன வருசம் வச்ச அளவே வை," என்பார். "சாமிக்கு வைக்கிறதுக்குத் தராசா?" என்பார் அம்மா, அதே அளவு வைத்துக்கொண்டே. அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் எனக்கும் வடை மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. பலகை வீடும் அதன் அதிர்வும் இல்லை. அப்பா, அம்மா, மாமா மூவரும் இல்லை. ஈப்போவில் என் வீட்டுத் தரை சிமெண்டு. யானை நடந்தாலும் பாட்டு துள்ளாது. போன மாதம் அப்பாவின் பாட்டுப்பெட்டிக்குப் புது மூக்கு போடக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் சின்ன மின்தராசில் ஊசியை வைத்துச் சுத்தமாக எடை பார்த்தாள். அப்பா பார்த்திருந்தால் அவளைத் தத்தெடுத்திருப்பார்.

"கரெக்டா வச்சிட்டேன் அங்கிள்."

"கொஞ்சம் கொறச்சு வைம்மா."

"கொறச்சா துள்ளும்லா அங்கிள்."

"பரவால்ல. மிச்சத்த நான் வீட்டுல வச்சிக்கிறேன்," என்றேன். சரஸ்வதி பூசைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.