சித்தப்பாவின் நெல் அவிக்கும் ஆல்பம்

இன்று பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் டைமர் மாட்டப் போனேன். நெல் அவிக்கும் இடத்தில் கிளாரினெட் ஓடிக்கொண்டிருந்தது.

என் சித்தப்பா வாசித்தது! கல்யாண பேண்ட் செட்டில் வாசிப்பவர், ஒரே ஒருமுறை தனியாகப் போட்ட ஆல்பம். விற்காத சிடிகளை அக்கா கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார். இன்றும் என்னைப் பார்த்தால், "யாராவது கேட்டாங்களாடா?" என்பார். "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிடுவேன்.

ஆபரேட்டர் அண்ணன், "டைமர்லாம் வேணாம் தம்பி. மூணாவது பாட்டு ஆரம்பிச்சா ஸ்டீமைத் தொறப்பேன், நாலாவது முடிஞ்சா மூடுவேன். ஒரு தடவைகூட தப்புனதில்ல" என்றார்.

நம்பாமல், அவிய வேண்டிய நேரத்தை வைத்து டைமரை ஓடவிட்டேன். நாலாவது பாட்டும் டைமரும் ஒன்றாக நின்றன.

"பாட்டு நல்லாருக்காண்ணே?"

"நல்லா இல்லாததையா தெனம் எட்டு தடவ கேப்பேன்? சன்ன நெல்லு சீக்கிரம் வெந்துரும், அதுக்குத்தான் இந்தப் பாட்டு நீளம். வாசிச்சவரத் தெரிஞ்சா இன்னொண்ணு சின்னதா போடச் சொல்லுங்க."

சித்தப்பாவுக்கு போன் போட்டு அப்படியே சொன்னேன்.

"சன்னத்துக்கு எத்தனை நிமிஷம்னு சரியா கேட்டுக்கிட்டு வாடா" என்றார்.

மாட்டாத டைமர் பெட்டியோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்களே, உங்கள் சிடி இப்போது என்ன வேலை பார்க்கிறது? வயலில் குருவி விரட்டக் கட்டியிருந்தால் எனக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.